சாரல் நாளில் குற்றாலம்: அருவியும் கோயிலும் ஒரே நாளில்

குற்றாலத்துக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: "தண்ணி விழுதா?" தென்காசி வட்டாரத்தில் ஜூன் பிறந்ததும் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்வி இது. ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: கோயில் நடை எப்போது சாத்துவார்கள்? தண்ணீரையும் நடையையும் வைத்து நாளை அமைத்தால் மற்றவை தானாக அமையும். காலை பதினோரு மணிக்கு வந்து இறங்கி, அருவியில் வரிசையில் நின்று, ஒரு மணிக்குக் கோயில் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சீசன் முழுக்க உண்டு. அப்படி ஆகாமல் இருக்க ஒரு வழிமுறை இது.

எப்போது போவது

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் இருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும், அந்தப் பக்கம் கொட்டியது போக மிச்ச மேகம் இந்தத் திறப்பின் வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் வருகிறது. அதனால்தான் தமிழகத்தின் பல ஊர்கள் காயும் ஜூன், ஜூலை மாதங்களில் தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் சாரலில் நனைகின்றன. வெயிலும் சாரலும் குளிர்காற்றும் மாறி மாறி வரும். குடை பிடிக்கும் அளவுக்கு மழை இருக்காது, ஆனால் அரை மணி நேரம் நின்றால் சட்டை ஈரமாகிவிடும்.

இதில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அருவியில் விழும் தண்ணீர் ஊரில் பெய்யும் சாரலால் வருவதில்லை. மலை உச்சியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பெய்யும் மழைதான் சிற்றாற்றில் இறங்கி அருவியாகிறது. ஊரில் பளிச்சென்று வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வரலாம். ஊரில் நாள் முழுக்கச் சாரல் அடித்தும் அருவி மெலிந்து கிடக்கலாம்.

சீசன் ஜூன் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் என்று பொதுவாகச் சொன்னாலும், முதல் இரண்டு வாரங்களை நம்ப முடியாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை போவது உத்தமம். செப்டம்பரில் கூட்டம் குறையும், தண்ணீரும் குறையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் காலம். அப்போது தண்ணீர் நிறைய வரும், ஆனால் சாரல் காலத்தின் இதம் இருக்காது. திடீர் வெள்ளத்தால் தடை போடும் நாட்கள் அதிகம். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் சேரும்.

வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாட்கள். சனி, ஞாயிறில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு உள்ள சுமார் 5 கிலோமீட்டர் சாலையே நெரிசலில் நகராது. ஆடி அமாவாசை அன்று தர்ப்பணம் கொடுக்க விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். சுற்றுலாவுக்கு அந்த நாள் வேண்டாம். அரசு நடத்தும் சாரல் விழா நாட்களின் மாலைகளும் அப்படியே.

கிளம்புவதற்கு முந்தைய இரவும் அன்று அதிகாலையும் செய்திகளைப் பாருங்கள். எந்த அருவியில் குளிக்கத் தடை, எதில் அனுமதி என்பது சீசனில் தினமும் செய்தியாக வரும். தடை என்றால் எல்லா அருவிக்கும் தடை என்று அர்த்தமில்லை. பேரருவியை மூடிவிட்டு ஐந்தருவியில் அனுமதிக்கும் நாட்கள் நிறைய உண்டு. தென்காசியில் இறங்கியதும் ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் அந்த நேரத்து நிலவரம் கிடைத்துவிடும்.

எப்படி வந்து சேர்வது

திருநெல்வேலியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சுமார் 160. மதுரைக்காரர்கள் ராஜபாளையம், கடையநல்லூர் வழியாக வரவேண்டும் என்பதால், அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால்தான் விடியும்போது அருவியில் நிற்கலாம். அதற்கு மனமில்லை என்றால் முந்தைய இரவே வந்து தென்காசியில் தங்குவது மேல். சீசனில் குற்றாலத்து அறை வாடகை ஏறிவிடும்; தென்காசியில் கொஞ்சம் குறைவு.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து செங்கோட்டைக்கு இரவில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி. காலையில் தென்காசியில் இறங்கலாம், மாலையில் அதே ரயில் செங்கோட்டையிலிருந்து திரும்புகிறது. இரண்டு இரவு ரயிலில், ஒரு பகல் குற்றாலத்தில் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது மாலையிலேயே கிளம்பிவிடும் என்பதால், கீழே சொல்லியிருக்கும் பண்பொழி மலைப் பயணத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். சீசன் வார இறுதிக்குப் படுக்கை கிடைப்பது கடினம்; முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு நகரப் பேருந்து நாள் முழுக்க ஓடும். அருவிகளுக்கு இடையே போய்வர ஆட்டோவோ வேனோ பேசிக்கொள்வது நல்லது. பேசும்போது எந்தெந்த அருவி, எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லியே வாடகையை முடிவு செய்யுங்கள். "எல்லா அருவியும்" என்று பொதுவாகப் பேசினால் கடைசியில் தகராறுதான் மிஞ்சும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தலைக்கு இரண்டு செட் மாற்றுத்துணி வேண்டும். ஒன்று போதும் என்று வருகிறவர்கள் இரண்டாவது அருவியில் குளிக்கும்போது ஈரத்துணியையே மறுபடி உடுத்துவார்கள், சாரல் காற்றில் ஒரு மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். துண்டு தலைக்கு இரண்டு. ஒன்று அருவிக்கு, மற்றது காய்ந்த துண்டாகவே கடைசிவரை இருக்கட்டும். ஈரத்துணி போட நல்ல கனமான பை இரண்டு. மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை கொண்டுவராதீர்கள், அங்கே அதற்குத் தடை. ஜிப் வைத்த நைலான் பை நல்லது. கோயிலுக்கு உடுத்த வேட்டி, சேலை அல்லது சுடிதாரைத் தனியாக, நனையாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் அருவிக்குச் சேலையில் போனால், தண்ணீர் வேகத்தில் தலைப்பும் கொசுவமும் இழுத்துக்கொண்டு போய்க் காலைத் தட்டிவிடும். சுடிதாரோ, நைட்டிக்கு உள்ளே பேண்ட்டோ வசதி. துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாதீர்கள். தங்கச் சங்கிலி, மோதிரம், கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தாலிச் சங்கிலியை அன்று ஒரு நாள் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்வது இந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கம். அருவியின் அடியில் கொக்கி கழன்று சங்கிலி போனால் தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கண்ணாடி போடுகிறவர்கள் கரையிலேயே கழற்றிவிடுங்கள். கார் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கிறவர்கள்தான் அன்று ஊர் திரும்ப முடியாமல் நிற்கிறவர்கள்.

சோப்பு, ஷாம்பு, சீயக்காய், எண்ணெய் எதையும் அருவியில் பயன்படுத்தக் கூடாது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவு அது. நுழைவிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அருவித் தண்ணீர் அப்படியே ஆறாகி, குளங்களுக்கும் வயல்களுக்கும் போகிறது என்பதை நினைத்தாலே இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்துத்தான் குளிக்க வேண்டும் என்றால், மசாஜ் செய்கிறவர்களிடம் தேய்த்துக்கொண்டு அங்கேயுள்ள குளியலறையில் பிசுக்கு போகக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகு அருவிக்குப் போங்கள். எண்ணெய்க் காலோடு ஈரப்பாறையில் ஏறினால் விழுவது நிச்சயம்.

பேரருவி: முதல் வேலை

காலை ஐந்து, ஐந்தரைக்குள் பேரருவிக்கு வந்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்கள் மெயினருவி என்பார்கள். சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நேராகத் தலையில் விழுந்தால் யாரும் தாங்க முடியாது. நடுவழியில் பாறையில் குடைந்த ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, பொங்குமாங்கடல் என்று பெயர். தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து, பாறையை ஒட்டியபடி கீழே இறங்குகிறது. அதனால்தான் இவ்வளவு உயரமான அருவியில் மனிதர்கள் நின்று குளிக்க முடிகிறது. பாறையில் லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் மெலிந்த நாளில் தெளிவாகத் தெரியும்.

தண்ணீருக்குள் போகும் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குளிக்கும் இடத்துக்கு மேலே ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள், எல்லோரும் ஆர்ச் என்பார்கள். தண்ணீர் அந்த ஆர்ச்சுக்கு உட்புறமாக, பாறையோடு ஒட்டி விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி வெளியே வந்து விழுந்தால் போலீசார் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய தண்ணீர் செம்மண் கலந்து டீ நிறத்துக்கு மாறினாலோ, இலை, சுள்ளி, கட்டை மிதந்து வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ, மேலே பெருமழை இறங்கிவிட்டது என்று பொருள். சங்கு ஊதும்வரை, விசில் அடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உடனே வெளியேறி உயரமான படிக்கு வந்துவிடுங்கள். துணிப்பையை எடுக்கத் திரும்பாதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் இப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அது சீசன் தொடங்குவதற்கு முந்தைய கோடை மழை நாள். வெள்ளம் நாள் பார்த்து வருவதில்லை. எந்த மாதம் போனாலும் இந்தக் கவனம் வேண்டும்.

குளிக்கும் முறையும் ஒன்று உண்டு. கூட்டத்தோடு முண்டிக்கொண்டு நடு அருவிக்குப் போகாமல், ஓரத்தில் நுழைந்து, முதலில் கால், பிறகு தோள் என்று பழக்குங்கள். முதுகை அருவிக்குக் காட்டி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, தண்ணீரைத் தோளிலும் முதுகிலும் வாங்குங்கள். உச்சந்தலையில் நேராக வாங்கினால் முதலில் சுகமாகத்தான் இருக்கும், பத்து நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும். சில சமயம் தண்ணீரோடு சிறு கற்களும் வரும். அண்ணாந்து பார்க்காதீர்கள், மூச்சுத் திணறும். பாசி பிடித்த இடத்தில் குதிகாலை ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வைத்துச் சிறு அடியாக நடக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். வெளியே வந்து ஓய்வெடுத்துவிட்டு மறுபடி போகலாம்.

பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. சிறு குழந்தைகளை அருவியின் அடிக்குக் கொண்டுபோக வேண்டாம். ஓரத்தில் வழிந்து ஓடும் தண்ணீரில் உட்கார வைத்துச் செம்பால் மொண்டு ஊற்றினாலே அவர்களுக்குக் கொண்டாட்டம். இதய நோய், ரத்த அழுத்தம், காக்காய் வலிப்பு உள்ளவர்கள் ஓரத்தோடு நின்றுகொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குளிக்காதீர்கள். குடித்துவிட்டு அருவிக்கு வருகிறவர்கள் தங்களோடு பக்கத்தில் நிற்கிறவர்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் வண்டியிலேயே இருக்கச் சொல்லுங்கள்.

ஒருவர் கரையில் பைகளோடு நிற்க வேண்டும், முறை மாற்றிக்கொள்ளுங்கள். மனிதத் திருடர்களைவிடக் குரங்குகள்தான் சுறுசுறுப்பு. பையில் பிஸ்கட், வாழைப்பழம் வெளியே தெரிந்தால் பையோடு போய்விடும். பறித்ததைத் திரும்பப் பிடுங்கப் போனால் கடிக்கும், விட்டுவிடுங்கள்.

வெளியே வந்ததும் முதலில் தலையைத் துவட்டுங்கள், பிறகு உடம்பை. ஈரத்தலையோடு சாரல் காற்றில் நடந்தால் குளிர் நடுக்கும். ஒரு சுக்குக் காபி குடித்துவிட்டு, காய்ந்த துணி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம்.

திருக்குற்றாலநாதர் கோயில்

பேரருவிக்கு எதிரிலேயே கோயில். ஏழு, ஏழரைக்கு உள்ளே போனால் கூட்டமில்லாமல் தரிசனம் கிடைக்கும். நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் காலைத் தரிசனத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஈரத்துணியோடும் துண்டோடும் சன்னதிக்குப் போகக் கூடாது. கோயில் கல்தளம் சாரலில் வழுக்கும்; வயதானவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

கோயில் சங்கு வடிவில் அமைந்தது. மூலவர் குற்றாலநாதர், அம்மன் குழல்வாய்மொழியம்மை. திருமால் தலமாக இருந்ததை அகத்தியர் சிவத்தலமாக்கினார் என்பது தலபுராணம். விஷ்ணுவின் திருமேனியைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார், அதனால் இறைவனுக்குத் தலைவலி வந்தது, அதைத் தீர்க்க மூலிகைத் தைலம் சாத்தப்படுகிறது என்பார்கள். அந்தத் தைலாபிஷேகம் இன்றும் நடக்கிறது. மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய தைலம் பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்நேரமும் அருவிச் சாரலில் குளிரும் இறைவனுக்கு இரவில் சுக்கு சேர்த்த கஷாயம் நைவேத்தியம் செய்வதும் இந்தக் கோயிலுக்கே உரிய வழக்கம்.

அவசரமாக மூலவரை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வராதீர்கள். பிராகாரத்தைச் சுற்றும்போது தலமரமான குறும்பலாவைப் பாருங்கள். திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் இந்தக் குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமும் பாடியிருக்கிறார்; ஒரே ஊரில் மரத்துக்கென்று தனிப் பதிகம் பெற்ற பெருமை இது. பராசக்தி சன்னதி சக்தி பீடங்களில் தரணி பீடமாகப் போற்றப்படுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கே கூட்டம் அதிகம். நிதானமாகப் பார்க்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

சித்திர சபை

வருகிறவர்களில் பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம் இதுதான், விடவே கூடாத இடமும் இதுதான். நடராஜரின் ஐந்து சபைகளில் திருவாலங்காடு ரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிர சபை. ஐந்தாவது குற்றாலத்தின் சித்திர சபை. கோயிலுக்குள் இல்லை, தனியாக, நடந்தே போகும் தூரத்தில், தெப்பக்குளத்தின் கரையில் இருக்கிறது. செப்புத் தகடு வேய்ந்த கூரையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மற்ற நான்கு சபைகளிலும் நடராஜர் திருவுருவமாக நிற்கிறார். இங்கே அவர் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச் சுவர்கள் முழுக்க ஓவியங்கள்: இறைவனின் திருவிளையாடல்கள், தேவியின் வடிவங்கள், முனிவர்கள். வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் பழுப்பும் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் மெல்லத் துலங்கும். அப்போது ஒரு மூலையிலிருந்து தொடங்கி வலமாகச் சுவரோடு சுவராக நடந்து பாருங்கள்.

கையெடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று: சுவரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள். அருவியில் குளித்த ஈரக் கையும் எண்ணெய்த் தலையும் படும் இடத்தில் வர்ணம் உதிர்ந்துபோகும். உதிர்ந்தால் பழைய கைவேலை திரும்பி வராது. குழந்தைகளுக்கு உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கலாமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தாலும் ஃபிளாஷ் வேண்டாம்.

இதை முடிக்க எட்டே முக்கால், ஒன்பது ஆகும். இப்போது காலைச் சாப்பாடு. குளித்த பசியில் நிறையச் சாப்பிடத் தோன்றும். அடுத்த அருவி காத்திருக்கிறது, ஆகவே நாலு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து எந்த அருவி

ஒரே நாளில் எல்லா அருவியும் பார்க்கும் ஆசையை விடுங்கள். பேரருவி தவிர இன்னும் ஒன்று போதும்.

பெரும்பாலானவர்களுக்கு ஐந்தருவி பொருத்தம். பேரருவியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் வேகம் பங்கிடப்படுகிறது, கூட்டமும் பிரிந்து நிற்கிறது. வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகு உண்டு. வண்டியை அருவிக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், கூட்டமான நாளில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். தண்ணீர் குறைந்த நாளில் ஐந்தில் இரண்டு மூன்று கிளைகள் மட்டும்தான் ஓடும், வரிசை நீளும்.

சிறு குழந்தைகளும் வயதானவர்களும் உடன் வந்திருந்தால் புலியருவி. சின்ன அருவி, வேகம் குறைவு. பழைய குற்றாலத்துக்குப் போகும் பாதையில் வரும்.

பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் அழகு, மலையின் மடியில் ஒதுங்கி விழுகிறது. வெள்ளம் வந்தால் ஒதுங்க இடம் குறைவு என்பதால், வானமும் செய்தியும் சாதகமாக இருந்தால் மட்டும் போங்கள், பகலிலேயே திரும்பிவிடுங்கள். செண்பகாதேவி அருவியும் அதற்கும் மேலே உள்ள தேனருவியும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. "ஒத்தையடிப் பாதை தெரியும், கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். பிடிபட்டால் அபராதம், பிடிபடாவிட்டால் அதைவிட ஆபத்து: வழுக்கும் பாறை, யானை நடமாட்டம், செல்போன் சிக்னல் கிடையாது.

சூரியகாந்தி வயல் பார்க்க விரும்புகிறவர்கள் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போகலாம். முற்றிய பூ சூரியனோடு திரும்பாது, கிழக்கு பார்த்தே நிற்கும். மதியத்துக்கு மேல் போனால் முகம் நிழலில் இருக்கும். ஆகவே அதைக் காலையில், ஐந்தருவிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் மட்டும் நில்லுங்கள். வயலுக்குள் இறங்கினால் ஒடிவது ஒரு விவசாயியின் மகசூல்.

பழம் வாங்கும்போது

ஐந்தருவிச் சாலையின் பழக்கடைகள் சீசனின் இன்னொரு அடையாளம். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியான், முட்டைப்பழம் எல்லாம் வரும். ரம்புட்டானில் முள்முடியின் நுனி பசுமையாக, விறைப்பாக இருந்தால் புதிது. கறுத்துச் சுருண்டிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. மங்குஸ்தானை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் ஓடு காய்ந்துபோனது, உள்ளே சுளை கெட்டிருக்கும். பழத்தின் அடியில் பூப்போல ஒரு அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகம் உள்ளதைப் பொறுக்கினால் சுளைகள் சிறிதாக, விதையில்லாமல் கிடைக்கும். ஓட்டின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, வெள்ளை வேட்டிக்காரர்கள் கவனம். எடை போட்டு வாங்குங்கள், கூறு கட்டி வைத்ததை வாங்கினால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. துரியானைப் பேருந்திலும் ஏசி வண்டியிலும் ஏற்றாதீர்கள்.

மாலையில் ஒரு மலைக்கோயில்

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை ஓய்வெடுங்கள். வண்டியில் வந்தவர்கள் வழியில் இலஞ்சிக் குமாரர் கோயிலைப் பார்த்துக்கொண்டு, செங்கோட்டை வழியாகப் பண்பொழி திருமலைக்கோயிலுக்குப் போகலாம். இலஞ்சி குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பண்பொழி செங்கோட்டையிலிருந்து 7 கிலோமீட்டர் வாக்கில். இரண்டிலும் மாலை நடை திறந்த பிறகு போய்ச் சேரும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமலை ஒரு தனிக் குன்று. உச்சியில் முருகன், திருமலைக் குமாரசாமி. அருணகிரிநாதர் பாடிய தலம். படிகளும் உண்டு, வண்டி ஏறும் மலைச்சாலையும் உண்டு. முழங்கால் நன்றாக இருந்தால் படியில் ஏறுங்கள், ஆனால் சாரல் விழுந்துகொண்டிருந்தால் இறங்கும்போது வண்டியில் இறங்குவதே நல்லது. ஈரப்படியில் ஏறுகிறவர்கள் விழுவதில்லை, இறங்குகிறவர்கள்தான் விழுகிறார்கள்.

மேலே நின்றால் மேற்கே மலைத்தொடர் சுவராக எழுந்து நிற்கும். மேகம் அதன்மேல் ஏறி, வழிந்து, இந்தப் பக்கம் இறங்குவது கண்ணெதிரே நடக்கும். கீழே வயலும் தென்னந்தோப்பும் குளமுமாக நாடு விரிந்து கிடக்கும். காலையில் குளித்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே நின்றால்தான் புரியும். கணவாய்க் காற்று பலமாக அடிக்கும், குடை மடங்கிவிடும், மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கைப்பிடிச் சுவரில் ஏற விடாதீர்கள். இருட்டும் முன்பு இறங்கிவிட வேண்டும். மேகம் இறங்கினால் மலைச்சாலையில் வளைவு தெரியாது.

சாப்பாடும் திரும்புவதும்

அசைவம் சாப்பிடுகிறவர்கள் பார்டர் பரோட்டாவை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைக்குப் பக்கத்தில், பிரானூரில் இருக்கின்றன கடைகள். மதியமே சாப்பிட்டுவிட்டால் மாலையில் முருகன் கோயிலுக்குப் போக மனம் ஒப்பாது. எல்லாக் கோயிலையும் முடித்துவிட்டுப் போனால் அந்தச் சங்கடம் இல்லை. இங்கே பரோட்டா சின்னது, மெல்லியது, மொறுமொறுப்பானது. வாழையிலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊறும்படி ஊற்றி, மிளகு தூக்கலாகச் செய்த நாட்டுக்கோழியோ காடையோ சேர்த்துச் சாப்பிடுவது முறை. வார இறுதி இரவில் இடம் பிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஏழு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். சைவக்காரர்கள் தென்காசியில் சாப்பிடுவது நல்லது.

தென்காசியில் ரயில் பிடிக்கிறவர்களுக்கு நேரம் மிஞ்சினால் காசி விசுவநாதர் கோயிலுக்கு ஒரு நடை போகலாம், நிலையத்திலிருந்து தூரமில்லை. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டியது. ராஜகோபுர வாசலில் நின்றால் காற்று பலமாக வீசும்.

காரில் திரும்புகிறவர்கள் கிளம்பும் முன் பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பாருங்கள்; நாள் முழுக்கச் சாரலில் நின்ற வண்டியில் முதல் அழுத்தம் பிடிக்காமல் போகலாம். செங்கோட்டை, தென்காசிச் சாலையில் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள் இரவு முழுக்க வரிசையாக வரும். எதிர் விளக்கு வெளிச்சத்தில் ஈரச் சாலை கண்ணைக் கூசும். நாள் முழுக்கக் குளித்த உடம்பு வண்டியில் உட்கார்ந்ததும் தூக்கத்துக்குப் போகும், ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான். அருவியில் ஒரு முறை மட்டும் குளித்தவர் எவரோ அவரை ஓட்டச் சொல்லுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் தென்காசியில் அறை எடுத்துத் தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள்.